காப்புக் கட்டிய வாரத்தில் ஒரு பிரேசில் பாட்டு

மேடைக்குப் பக்கத்தில், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த இடுக்கில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். எல்லோருக்கும் இலைப் பச்சையில் பருத்திச் சேலை. கஞ்சி போட்டு மடித்த சேலைகள். யாராவது அசைந்தால் மொரமொரவென்று சத்தம் வரும். எங்களுக்குப் பாட்டு சொல்லித்தரும் ரோஸ்லின் மிஸ் உடனே திரும்பி முறைப்பார்.

எதிர்ச்சுவரில் மேற்கு ஜன்னலின் வெயில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. நாங்கள் வந்தபோது அது தரையோடு கிடந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் ஏறியது. நான் மேடையைப் பார்க்கவில்லை, அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மின்விசிறி சுவிட்சுகளைத் தாண்டி மேலே போனால், என் பஸ் போய்விட்டது என்று அர்த்தம்.

சிறப்பு விருந்தினர் வந்தால்தான் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். விளக்கு ஏற்றினால்தான் போட்டி தொடங்கும். அவர் வழியில் இருப்பதாக மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எந்த ஊர் வழி என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"வெயில என்னடி அப்படிப் பாக்குற?" என்றாள் பர்வீன். கல்லூரியில் எனக்கு முதலில் கிடைத்த தோழி அவள்தான்.

"பஸ்ஸுக்கு."

"போயிருமா?"

"போயிரும்."

கடைசி பஸ்ஸை விட்டால் அன்று இரவு நான் ஊர் போய்ச் சேர முடியாது. நான் ஊரில் இல்லாவிட்டால் என் அம்மாவின் முளைப்பாரி ஊர்வலத்தில் போகாது. பாடாமல் பஸ் ஏறினால், சேர்ந்திசைக் குழுவில் முதல்முறையாக எனக்கென்று கிடைத்த, முன்னால் நின்று தனியே பாடும் முன்பாட்டு என் கையை விட்டுப் போகும். வாழ்க்கையில் நான் ஆசைப்பட்ட இரண்டு விஷயங்களும் ஒரே சாயங்காலத்தில் வந்து மோதிக்கொண்டன.

அடித்தொண்டைக்காரி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், பெருமையாகவே சொல்வேன். அப்பா கூலிக்குக் கொடிக்கால் வேலை பார்த்தவர். சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிகளைக் குனிந்து குனிந்து கட்டியே அவர் முதுகு வளைந்தது. பிறகுதான் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அம்மா கரும்பு வெட்டப் போவாள். அறுவடைக் காலம் வந்தால் வெளியூரிலேயே தங்கிவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பு வந்தது. குரல்தான் பிரச்சினை. அடித்தொண்டையிலிருந்து, கனமாக வரும். காலை வணக்கத்தில் பாடினால் என் குரல் மட்டும் தனியே தெரியும். ஒரு டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் மறக்கவில்லை.

வீட்டில் போனை எடுத்து நான் "ஹலோ" என்றால், எதிர்முனையில் அப்பாவின் கூட்டாளிகள், "மாப்ள, கொடிக்காலுக்குத் தண்ணி விட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் சில சமயம், "விட்டேன் மாப்ள" என்று வைத்துவிடுவேன். அப்பா ஒருநாள் கண்டுபிடித்தார். திட்டவில்லை. "நெசமாவே தண்ணி விட்டுட்டுச் சொல்லு, தாயி" என்றார்.

மதுரைக்குக் கல்லூரிக்கு வந்த முதல் மாதம் எனக்குப் பேச ஆள் இல்லை. சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில், யாருடைய சைக்கிளின் கேரியரிலாவது உட்கார்ந்திருப்பேன். அதற்கு மேலே மாடியில் இசை அறை. அங்கிருந்து வரும் சத்தம் எனக்குப் புதிது. ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடுகிறார்கள், ஆனால் ஆளுக்கொரு உயரத்தில் பாடுகிறார்கள். சண்டை போடாமல் சேர்ந்தும் இருக்கிறது. ஒருநாள் என்னையறியாமல் படியேறிப் போய்விட்டேன்.

ரோஸ்லின் மிஸ் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, பாடச் சொன்னார். பாடினேன். அடுத்து அதற்குக் கீழே. அதற்கும் கீழே. சுற்றி நின்ற பெண்கள் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னும் கீழ போவியா?" என்றார் மிஸ்.

"போவேன் மிஸ்."

"எங்கம்மா இருந்த இத்தன நாளா?"

அந்தக் கேள்வியை நான் பல வருடம் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மூக்கு வழியாக ஒரு மொழி

சேர்ந்திசையில் எங்களைப் போன்ற கீழ்க்குரல்காரிகளுக்கு மெட்டு கிடைக்காது. மெட்டு மேல்குரல்காரிகளுக்கு. நாங்கள் அதற்கு அடியில், பந்தலுக்குக் கால் மாதிரி நிற்போம். பந்தலைப் பார்ப்பவர்கள் காலைப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. வாயைத் திறந்து பாடவிட்டார்களே, அதுவே பெரிது.

மூன்றாம் ஆண்டில்தான் அந்த பிரேசில் பாட்டு வந்தது. பிரேசிலில் சில காலம் இருந்துவிட்டு வந்த ஒரு கன்னியாஸ்திரியிடம் மிஸ் கற்றுக்கொண்ட நாட்டுப்பாட்டு. யார் எழுதியது என்று கிடையாது. பெரிய ஆற்றின் கரையில் கிழங்கு மாவு அரைக்கும் பெண்கள், வேலை அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாடுவார்களாம்.

ஒருத்தி கேட்பாள்: படகுக்காரர்களே, என் ஆளைப் பார்த்தீர்களா? மற்றவர்கள் சொல்வார்கள்: பார்க்கவில்லை, ஆறு பெரிது. அவள் வலைக்காரர்களைக் கேட்பாள், கொக்குகளைக் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் பார்க்கவில்லை, ஆறு பெரிது என்றுதான் பதில். கடைசியாக அவள் ஆற்றையே கேட்பாள். அப்போது யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பாட்டு அப்படியே நிற்கும். அந்த அமைதிக்குப் பிறகு அவள் மட்டும் தனியே பாடுவாள்: சரி, துடுப்பை எடுங்கள், நானே போகிறேன்.

கேட்கிறவளின் குரல் தணிந்து, கனமாக இருக்க வேண்டும் என்றார் மிஸ். சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

போர்த்துகீசியச் சொற்களை நான் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பழகினேன். 'ஞ' அங்கேயும் இருந்தது. அதைப் பார்த்ததும், தூர தேசத்துப் பஸ் நிலையத்தில் பக்கத்துத் தெருக்காரரைப் பார்த்த மாதிரி சந்தோஷம். மூக்கால் பாட வேண்டிய சொற்கள்தான் வரவில்லை. "சளி புடிச்ச அன்னிக்கு எப்படிப் பேசுவீங்களோ, அப்படி" என்றார் மிஸ். குழுவில் நிஜமாகவே சளி பிடித்திருந்த ஒருத்தி பிரமாதமாகப் பாடினாள். சளி சரியானதும் அவளுக்குப் போர்த்துகீசியம் மறந்துவிட்டது.

எனக்கு வராதது வேறொன்று, கடைசியில் வரும் அந்த அமைதி. ஆற்றைக் கேட்டுவிட்டுத் தாளத்தில் நான்கு தட்டு காத்திருக்க வேண்டும். என்னால் முடியாது. இரண்டாவது தட்டிலேயே, "நானே போகிறேன்" என்று கிளம்பிவிடுவேன்.

"ஏன் ஓடுற?" என்பார் மிஸ். "யாரும் பதில் சொல்ல மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. அவ காத்திருப்பா."

தலையாட்டுவேன். மறுபடி ஓடுவேன்.

அம்மா செய்த வேலை

போட்டிக்குப் பச்சைச் சேலை வேண்டும். அம்மாவிடம் ஒன்று இருந்தது. "செவ்வாக்கெழம சாயங்காலம் வந்து எடுத்துட்டு, காலைல கெளம்பிருவேன்" என்று போனில் சொன்னேன். "வா" என்றாள் அம்மா. வழக்கமாக, "சாப்பாட்டுக்கு என்ன வேணும்?" என்று நீட்டுவாள். அன்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது கொட்டுச் சத்தம் கேட்டது. காளியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம். பூசாரி கையில் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டப் போகிறார்கள்.

காப்புக் கட்டும் நேரத்தில் யார் ஊருக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் திருவிழா முடியும் வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இரவுக்குத் திரும்பிவிட வேண்டும். வெளியே இருந்தவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. அதனால்தான் வெளியூரில் வேலை பார்க்கும் ஆட்கள் காப்புக்கு முதல் நாளே ஊரை விட்டு பஸ் ஏறிவிடுவார்கள். நான் சரியாகக் கொட்டு அடிக்கும் நேரத்தில், பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்து இறங்கியிருக்கிறேன்.

அப்படியே திரும்பி ஓடலாமா என்று பார்த்தேன். அதற்குள் இருளாயி சித்தி கண்ணில் பட்டுவிட்டேன். முளைப்பாரிக் கும்மியில் முன்பாட்டு பாடுகிறவள் அவள். ஊரில் அவள் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள்.

"ஏ, செல்வி வந்துருச்சுடோய்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள்.

வீட்டில் அம்மா புதுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"எம்மா, இன்னிக்குக் காப்புன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா வந்திருப்பியா?"

"எனக்குப் போட்டி இருக்கும்மா."

"எனக்கு நேர்ச்ச இருக்கு."

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் என்னையப் பாக்காதீக" என்றார்.

நேர்ச்சை என் பெயரில்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் எனக்குக் கடுமையான காய்ச்சல். நான் பிழைத்து, தேறினால் முளைப்பாரி தூக்குவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். நான் தேறினேன். ஆனால் ஊரில் ஏதோ தகராறு, திருவிழா நின்றுபோனது. ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருசம்" என்றார்கள். அதற்கு முன்பெல்லாம் திருவிழா சமயத்தில் அம்மா கரும்புக் காட்டில் இருப்பாள். மற்ற பெண்கள் பாரி தூக்கிப் போன கதையை, வெட்டிய கரும்பைக் கட்டிக்கொண்டே கேட்பாள். அவள் தலையில் பாரி ஏறப்போவது அதுதான் முதல்முறை.

பானையில் எருவும் மண்ணும் போட்டு, பயறு தூவி, இருட்டறையில் முளைக்கவைத்து, தினமும் சாயங்காலம் அதைச் சுற்றிப் பாட வேண்டும். யார் பெயருக்குப் பாரி போட்டிருக்கிறார்களோ அவள் காப்பின்போது ஊருக்குள் இருந்தால், தினமும் ஒரு சுற்றாவது கும்மியில் நிற்க வேண்டும். ஒருநாள் தவறினாலும் அந்தப் பாரி ஊர்வலத்தில் போகாமல் வீட்டோடு நின்றுவிடும்.

"நான் வெளியூர்லயே இருந்திருந்தா சாமி ஒண்ணும் சொல்லியிருக்காது" என்றேன் கோபத்தில்.

"நீ நிக்காம உன் பேருக்குப் பாரி தூக்குனா, அது பாரியா?" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தணித்து, "ஒரு சுத்துடி" என்றாள்.

அந்த ஒரு சுற்றைக் கேட்கத் தைரியமில்லாமல்தான் ஏமாற்றி வரவழைத்திருக்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இன்று கோச்சடையில் என் வீட்டு மாடியில் நின்று இதை நினைக்கும்போது புரிகிறது.

மஞ்சள் சட்டைக்காரர்கள் ஊர்ப் பாட்டு

பகலில் கல்லூரி, சாயங்காலம் ஓட்டமாக பஸ். ஒத்திகை சூடுபிடிக்கும் நேரத்தில் நான் பையை மாட்டுவேன். இரண்டு நாள் மிஸ் பொறுத்தார்.

"செல்வி, காப்புன்னா எனக்கும் புரியும். ஆனா பாதி ஒத்திகையில போறவளுக்கு எப்படிம்மா முன்பாட்டு குடுக்குறது? பர்வீன், நீ பாடிப் பாரு."

பர்வீன் பாடிப் பார்த்தாள். கீழே இறங்க இறங்க அவள் குரல் காணாமல் போனது.

"மிஸ், அம்புட்டு கீழ எறங்குனா எனக்கு வெறும் காத்துதான் வருது" என்றாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள், "அவளால இருக்க முடியலன்னா நாம போவோம் மிஸ். அவ ஊருக்கு பஸ் போகுதுல்ல?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொத்தக் குழுவும் எங்கள் ஊரில் வந்து இறங்கியது. ஊர்ப் பானைகளையெல்லாம் ஒன்றாக வைத்திருந்த பாரி வீட்டு வாசலில் பாய் விரித்தார்கள். செருப்பைத் தெருவிலேயே விடச் சொன்னார்கள். பாரி வளரும் இருட்டறைக்குள் மட்டும் யாரையும் விடவில்லை. இருளாயி சித்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள்.

"என்ன பாட்டு பாடப் போறீக?"

"பிரேசில் பாட்டு சித்தி" என்றேன்.

"அது எங்கிட்டு இருக்கு? கொட்டாம்பட்டிக்கு அங்கிட்டா?"

"கடலுக்கு அங்கிட்டு."

பக்கத்திலிருந்த ஒருத்தி சொன்னாள்: "மதினி, எங்க கொழுந்தன் மஞ்ச பனியன் போட்டுக்கிட்டுத் திரியுறானே, பந்து வெளையாட்டுக்கு, அந்த ஊரு."

"அவிங்களா! வெளையாடுவாய்ங்கன்னு தெரியும், பாடவும் செய்வாய்ங்களா?"

மிஸ் கதையைச் சொன்னார். ஒருத்தி தன் ஆளைத் தேடி எல்லோரையும் கேட்கிறாள் என்றதும், "சொல்லாமக் கொள்ளாமப் போனவன எதுக்குத் தேடுறா, வேலயத்தவ?" என்றாள் சித்தி. ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

பாடத் தொடங்கினோம். இரண்டாவது கேள்வியிலேயே பெண்கள் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி கேட்க மற்றவர்கள் பதில் சொல்வது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா? கொக்கைக் கேட்கும்போது பின்னாலிருந்து யாரோ "ம்" கொட்டினார்கள். கடைசிக் கேள்வி வந்தது. ஆற்றைக் கேட்டேன். குழு வாயை மூடியது.

அவ்வளவுதான். இருளாயி சித்தி வாயில் கையை வைத்து ஒரு குலவை போட்டாள் பாருங்கள்! அவளைத் தொடர்ந்து அத்தனை பெண்களும். வேப்பமரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன.

மிஸ் பதறிப்போனார். "அக்கா, அந்த எடத்துல சத்தம் போடக் கூடாது. அமைதியா இருக்கணும்."

"அதெப்படி மிஸ்ஸு? ஒருத்தி கேட்டுப்புட்டு அந்தரத்துல நிக்கிறா. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றீக? எங்க கும்மியில பதில் மறந்துபோச்சுன்னா கொலவ போட்டு நெரப்பிருவோம்."

"பதில் இல்லாததுதாங்க பாட்டே."

"அப்ப பாட்டுதான் தப்பு."

மறுபடி பாடினோம். இந்தத் தடவை சித்தி அடக்கிக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து வேறொருத்தி குலவை போட்டாள். மூன்றாவது தடவை எல்லோரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்களைப் பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். பர்வீன் சிரித்தாள். மிஸ்ஸும் சிரித்துவிட்டார். ஒத்திகை அதோடு முடிந்தது.

பிறகு எங்கள் பெண்கள் கும்மிக்கு இழுக்கப்பட்டார்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பர்வீன் தப்புத் தப்பாகக் கைதட்டிச் சுற்றினாள். "இந்தப் பிள்ளைய எங்களுக்குக் குடுத்துட்டுப் போங்க" என்றாள் சித்தி.

பஸ் ஏறும்போது மிஸ் என் தோளைத் தொட்டார். "ஏன் அந்த எடத்துல ஓடுறேன்னு இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஒன்னோட ஊர்ல யாரையும் காத்திருக்க விட மாட்டாங்க போல. முன்பாட்டு உனக்குத்தான். ஆனா மேடையில நீ காத்திருந்தே ஆகணும்."

வெயில் கட்டம் மேலே போனது

இனி அந்த நாற்காலி இடுக்குக்குத் திரும்புகிறேன். வெயில் சுவிட்சுகளைத் தாண்டியது, மங்கியது, பிறகு சுவரில் எதுவும் இல்லை. சிறப்பு விருந்தினர் அப்போதுதான் மாலையோடு உள்ளே வந்தார். எங்களுக்கு முன்னால் பாட இன்னும் பல குழுக்கள் இருந்தன.

வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். எங்கே அழுதுவிடுவேனோ என்று வேகமாகச் சொன்னேன்.

"நீ பாடிட்டு இரு. நான் வண்டிய எடுத்துட்டு வாரேன்" என்றார்.

அம்மா போனைப் பிடுங்கியது கேட்டது.

"கும்மி முடியிறதுக்குள்ள வந்துரணும், ஆமா" என்றாள். பிறகு, "இருளாயிகிட்டச் சொல்லி இழுத்துப் பாடச் சொல்றேன். எம்புட்டு நேரம் இழுப்பாளோ, தெரியல. வெரசா வாங்க."

எங்கள் முறை வந்தது. விளக்கு வெளிச்சத்தில் முன்வரிசை நடுவர்கள் மட்டும்தான் தெரிந்தார்கள். பிறகு கண் பழகியதும், கடைசிக் கதவோரம் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. தோளில் துண்டு. துண்டைக் கையில் எடுப்பதா, தோளிலேயே விடுவதா என்று தெரியாமல் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் அப்பா.

நான் பாடி அவர் கேட்டதே இல்லை. ஊரில் ஒத்திகை நடந்தபோதும் அவர் கொடிக்காலில்தான் இருந்தார்.

படகுக்காரர்களைக் கேட்டேன். பின்னால் நின்ற என் தோழிகள், பார்க்கவில்லை என்றார்கள். வலைக்காரர்களைக் கேட்டேன், கொக்குகளைக் கேட்டேன். என் குரல் அந்தக் கூடத்தின் மூலை வரை போய்த் திரும்பி வருவதை நானே கேட்டேன். வாயை மட்டும் அசைக்கச் சொன்ன டீச்சரை அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன், அவருக்கும் சேர்த்துத்தான் பாடினேன்.

ஆற்றைக் கேட்டேன். எல்லாம் நின்றது.

மின்விசிறியின் கறகற. எங்கோ ஒரு நாற்காலி. ஒன்று, இரண்டு. இந்த இடத்தில்தான் எப்போதும் ஓடுவேன். அன்று ஓடவில்லை. யாராவது பதில் சொல்லிவிடுவார்கள் என்று நிஜமாகவே நம்பி, கூடத்தின் கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லவில்லை. அதன் பிறகுதான், நானே போகிறேன் என்று பாடினேன்.

கைதட்டல் முடியும் முன்னே மிஸ், "ஓடு, ஓடு" என்று என்னை மேடைப் படியில் தள்ளிவிட்டார்.

மேலக்கால் சாலையில்

அப்பாவின் பழைய மொபெட்டில், சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். காளவாசல் நெரிசலைத் தாண்டி, கோச்சடை வரும் வரை அப்பா எதுவும் பேசவில்லை. பாட்டு பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். ஆற்றுப் பக்கமிருந்து நாணல் வாசனையோடு காற்று வந்தது. வீடுகள் குறைந்து கரும்பும் தென்னையும் தொடங்கிய இடத்தில், வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"தாயி, ஒண்ணு கேக்கவா?"

"கேளுப்பா."

"அந்தப் புள்ளைகளோட ஒனக்கு ஏதும் சண்டையா?"

"இல்லையே. ஏப்பா?"

"மொதல்லயெல்லாம் ஒழுங்காத்தான் பதில் சொன்னாக. கடேசில நீ கேட்ட, ஒருத்தியும் வாயத் தொறக்கலையே."

"பாட்டே அப்படித்தான்ப்பா. அந்த எடத்துல யாரும் சொல்லக் கூடாது."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனபின் சொன்னார்: "எனக்கு ஈரக்கொலயே நின்னு போச்சு. அம்புட்டுப் பேருக்கு முன்னால தனியா நிக்கிற. நான் கதவோரத்துல இருந்து 'ஓய்'னு ஒரு கொரல் குடுப்போம்னு வாயத் தொறந்துட்டேன். பக்கத்துல நின்ன வாட்ச்மேன் கையப் புடிச்சுட்டாரு."

வளைந்த அந்த முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன். மொபெட்டின் அதிர்வு மண்டைக்குள் வரை போனது.

ஊருக்குள் நுழையும்போது கும்மிச் சத்தம் கேட்டது. இருளாயி சித்தியின் தொண்டை கட்டிப்போயிருந்தது. தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பாடிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாடி மகராசி! இன்னும் செத்த நேரம்னா நான் சினிமாப் பாட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கைதட்டை நிறுத்தாமல் அரையடி நகர்ந்து இடம் விட்டாள். மேடைச் சேலையோடே அந்த இடத்தில் போய் நின்றேன். ஒரு சுற்று கேட்டவள், அன்று என்னை விடவே இல்லை.

பர்வீன் போன் போட்டாள். எங்களுக்கு மூன்றாம் பரிசு. நடுவர்களில் ஒருவர் அந்த அமைதியைத் தனியாகப் பாராட்டினாராம்.

பாரி கரைக்கும் நாளன்று அவளும் மிஸ்ஸும் ஊருக்கு வந்தார்கள். அம்மாவின் பாரி வெளிறிய பச்சையில், முழங்கை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தலையில் ஏற்றியபோது அம்மாவின் கழுத்து நடுங்கியது. பிறகு நிமிர்ந்துகொண்டது. கரும்புக் கட்டைச் சுமந்த கழுத்துதானே. ஆறு வரை இருபுறமும் பார்த்துக்கொண்டே போனாள், எல்லோரும் பார்க்கிறார்களா என்று.

கரையில் அப்பா எல்லோருக்கும் இளநீர் வெட்டினார். பர்வீனுக்கு நல்ல காயாகப் பார்த்துச் சீவிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

"எல்லாம் நல்லாத்தான் பாடுனீக, தாயி" என்றார். "ஆனா கடேசில எம்புள்ள கேட்டப்ப, 'பாக்கல'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? மொத பரிசே வந்திருக்கும்."

மிஸ் சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. பர்வீன் சிரிக்கவில்லை. இளநீர்க் காயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குற்றம் செய்த பிள்ளை மாதிரி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்புதான்ப்பா" என்றாள். "இனிமே அவளைத் தனியா விட மாட்டோம்."